நாடா கட்டும் ஆங்கிள் பிரேஸ்: ஒரே நட்சத்திரத்தை நம்பி ஆடும் குழுவுக்கு ஏற்றதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கூடைப்பந்துக் குழு என்றால் பெரும்பாலும் ஏழு, எட்டுப் பேர்தான். அதில் நெருக்கடியிலும் பந்தைத் தட்டிக்கொண்டு போகத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அவர் கணுக்கால் பிசகினால் குழு என்ன ஆகும் என்பதை வைத்துத்தான், கணுக்கால் கவிழாமல் நாடாவாலும் பட்டையாலும் இறுக்கிப் பிடிக்கும் உறையான இந்தப் பிரேஸை எடைபோட வேண்டும். தனி ஆள் வாங்கும்போது விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். குழுப் பணத்தில் வாங்குவதாக இருந்தால், புது ஜெர்சிக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

நட்சத்திர ஆட்டக்காரர் வெளியே போனால் அவர் போடும் புள்ளிகள் மட்டும் குறைவதில்லை. அவரையே ஒட்டிக்கொண்டிருந்த எதிரணியின் சிறந்த தடுப்பாட்டக்காரர் இப்போது நம் இரண்டாவது ஆள் மேல் வந்து விழுவார். எதிரணி முழு மைதானமும் நெருக்கி ஆடினால், விதிப்படி 8 விநாடிக்குள் பந்தோடு பாதிக் கோட்டைத் தாண்ட ஆள் இருக்காது. தாண்டினாலும், கூடைக்கு எறிய விதி தரும் 24 விநாடி முடியும் நேரத்தில் யாரோ ஒருவர் வழியில்லாமல் தூக்கி எறிவார். வழக்கமாக 15 நிமிடம் ஆடுபவர் 30 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். மூன்றாம் கால்பகுதியில் கால் ஓயும், கை நீளும், ஃபவுல் ஏறும், ஐந்தானதும் அவரும் வெளியே. மூவர் ஆடும் 3x3-இல் நிலைமை இன்னும் மோசம். மாற்று ஆட்டக்காரர் ஒரே ஒருவர்தான். ஒருவர் கால் போனால் மற்ற மூவருக்கும் மூச்சு வாங்கக்கூட இடமில்லை.

இதைவிடக் கெடுதல், பாதி ஆறிய காலோடு நட்சத்திரத்தைத் திரும்ப இறக்குவது. பழக்கத்தில் எல்லாரும் அவருக்கே பந்தைக் கொடுப்பார்கள். அவரால் காலை ஊன்றி எம்ப முடியாது, பக்கவாட்டில் நகர முடியாது. எதிரணி இரண்டே தடவையில் அதைப் புரிந்துகொண்டு, அவரை மறித்து ஆடும் தன் ஆளை மற்றவர்களைத் தடுக்க அனுப்பிவிடும்.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ அணிகளுக்கே நட்சத்திரத்தை இழப்பது தாங்காத அடி. 2011-12 பருவத்தில் சிகாகோ புல்ஸ் 50 வெற்றி, 16 தோல்வியோடு கிழக்குப் பிரிவின் முதலிடத்தில் இருந்தது. பருவ முடிவில் நடக்கும் பிளேஆஃப் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே அவர்களின் நட்சத்திரம் டெரிக் ரோஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. எட்டாம் இடத்து பிலடெல்பியாவிடம் 4-2 என்று தோற்று வெளியேறினார்கள். அதே பருவத்தில் 66 ஆட்டங்களில் 26 மட்டுமே ஆடினார் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஸ்டீபன் கரி. அவரைப் படுத்தியது கணுக்கால். ரோஸுக்கு வந்தது போன்ற முழங்கால் காயத்துக்கு இந்தப் பிரேஸ் எந்த உதவியும் செய்யாது. கரிக்கு வந்தது போன்றதற்குத்தான் இது.

கூடைப்பந்தில் அடிக்கடி வரும் காயமும் அதுதான். கூடையில் பட்டுத் திரும்பும் பந்துக்கு (ரீபவுண்டு) எம்பி இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்கும்போது கால் உள்பக்கமாகக் கவிழ்ந்து, வெளிப்புறத் தசைநார் இழுபடும். மாலை மழைக்குப் பிறகு ஓரத்தில் பாசி பிடித்த சிமெண்டு கெலாங்காங் (ஆடுகளம்) என்றால் வழுக்கியும் அப்படியே கவிழும். 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 1460 உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களைக் கவனித்தார்கள். நாடா கட்டும் பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் காயம் பட்டவர்களுக்கு அதன் கடுமை குறையவில்லை. பிரேஸ் போட்டிருக்கிறோம் என்று வீங்கிய காலோடு ஆடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அளவில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். சில கம்பெனிகள் காலணி எண்ணை வைத்து அளவு சொல்லும். சில, குதிகாலையும் கணுக்கால் மடிப்பையும் சேர்த்துச் சுற்றிய அளவைக் கேட்கும். எது என்று அட்டையில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஈப்போவுக்குப் போய் வாங்கினாலும் ஆடும் காலணியையும் காலுறையையும் எடுத்துப் போங்கள். இறுக்கமான காலணிக்குள் பிரேஸ் நுழையாது, அரை எண் பெரியது தேவைப்படலாம்.

கட்டும் முறை: பிரேஸின் உயரத்தை மீறும் மெல்லிய காலுறை போட்டு உட்காருங்கள். குதிகாலைப் பின்னால் முட்டவிட்டு, பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக வையுங்கள். பாதத்தை நீட்டியபடி கட்டினால் எழுந்து நின்றதும் எல்லாம் தளர்ந்துவிடும். நாக்குப் பகுதியைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, நாடாவைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். கணுக்கால் மடிப்பில் அதிகம், பாதத்தின் வளைவில் குறைவு. எட்டு வடிவப் பட்டைகளில் வெளிப்புறத்தில் தொடங்குவதைப் பாதத்தின் மேல் குறுக்கே கொண்டுபோய், அடியால் சுற்றி, வெளிப்புறமாகவே மேலே இழுத்து ஒட்டுங்கள். பாதம் கவிழாமல் பிடிப்பது இந்தப் பட்டைதான், அதனால் இதை நன்றாகவே இழுக்க வேண்டும். உட்புறப் பட்டையை எதிர்த்திசையில் அதேபோல் சுற்றுங்கள். கடைசியாகப் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பாவிட்டால் அவிழ்த்துக் கட்டுங்கள்.

குறைகளும் உண்டு. சூடேறும்போது பத்துப் பதினைந்து நிமிடத்தில் நாடா தளரும். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு தடவை, இடைவேளையில் ஒரு தடவை இழுத்துக் கட்ட வேண்டும். டைம் அவுட்டின் 60 விநாடியில் பட்டையை மட்டும் இறுக்கலாம், முழு நாடாவுக்கு நேரம் போதாது. நம் ஊர் ஈரத்தில் துவைத்தது ஒரே நாளில் காய்வதில்லை, ஈரமாகப் பையில் அடைத்தால் நாறும், தோல் அரிக்கும். கையால் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டி மூடிவிடுங்கள். திறந்தபடி இயந்திரத்தில் போட்டால் நூலும் தூசியும் சேர்ந்து அது பிடிப்பதை விட்டுவிடும்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் எலாஸ்டிக் ஆங்கிள் கார்டு வேறு பொருள். காலைச் சூடாக வைக்கும், கவிழ்வதைத் தடுக்காது. சிங்க் ஆக்ஸைடு டேப் நன்றாகவே பிடிக்கும், ஆனால் கட்டத் தெரிந்த கை வேண்டும். வியர்வையில் அரை மணி ஆட்டத்துக்குள் பெருமளவு தளர்ந்துவிடும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதுச் சுருளும் வேண்டும். வாரம் இரண்டு நாள் ஆடும் குழுவுக்கு ஒரு பருவம் முடிவதற்குள் பிரேஸே மலிவாகிவிடும்.

கால் பிசகிய அன்றே எண்ணெய் போட்டு உருவிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முதல் இரண்டு நாள் அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், வீக்கம் கூடும். நாலடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ நேரே அரசு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். திரும்ப ஆட விடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது, அதே காலில் வலியில்லாமல் துள்ளுவது, முழு வேகத்தில் எட்டுப் போட்டு ஓடுவது. ஒன்று தவறினாலும் அந்த வாரம் அவர் பெஞ்சில்தான். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைக் காயமில்லாதவர்களும் தினமும் ஐந்து நிமிடம் செய்யட்டும். பிரேஸ் அந்த வேலையைச் செய்து தராது.

பணம் இரண்டு ஜோடிக்குத்தான் இருக்கிறதென்றால், ஒன்று பந்தைக் கொண்டுபோகிறவருக்கு. மற்றது கூடைக்கு அடியில் கூட்டத்துக்குள் இறங்கும் உயரமான ஆளுக்கு, அதிலும் முன்பே ஒருமுறை கால் பிசகியவர் இருந்தால் அவருக்கு முதலில். ஒரு காலுக்கு மட்டும் வாங்காதீர்கள், இரண்டு காலுக்கும் போடுங்கள்.