"யார் போட்டது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்

பெங்களூரு பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் பகல் ஷிப்டுக்கு நான் பொறுப்பு. என் கீழ் 22 பேர்; பாதிப் பேர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர்கள். ஆட்களை நடத்தும் விதத்தைத் திருத்திக்கொள்வதற்காக மல்லேஸ்வரத்தில் ஒரு தனிப் பயிற்றுநரிடம் ஆறு மாதம் போய்வந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், மொத்தம் 12 அமர்வுகள், 48,000 ரூபாய். பாதியைக் கம்பெனி கொடுத்தது, மீதி என் கைப்பணம்.

முதலில் குறைகள். முதல் அமர்வு வீண். 80 கேள்விகள் கொண்ட ஓர் ஆங்கிலப் படிவம், அதை நிரப்பியதும் வண்ண வட்டங்களோடு 30 பக்க அறிக்கை. அதில் என் ஷாப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைவிட என்னை வருத்தியது, என்னிடம் வேலை செய்யும் ஆறு பேரிடம் பெயர் போடாமல் என்னைப் பற்றிக் கருத்து எழுதி வாங்கியது. அந்த ஆறு பேரில் யார் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாதா? இரண்டாவது வரியிலேயே ஆள் தெரிந்துவிட்டது. நம்பி எழுதியவர்களுக்கு இது நியாயமே இல்லை. பயிற்றுநரிடம் நேராகச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது அமர்வுக்குப் பிறகு நான் ஒன்றையும் தவறவிடவில்லை.

எங்கள் ஷாப்பில் 50 மி.மீ. துளை போடும் வேலை ஒன்று உண்டு. அளவில் ஏற்ற இறக்கம் 25 மைக்ரானுக்குள் நிற்க வேண்டும் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). திங்கட்கிழமை காலைகளில் மட்டும் நாலைந்து பீஸ் தவறிப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வருகிறார்கள் என்று நானே முடிவு கட்டி, "யார் போட்டது இது?" என்று நிற்க வைத்துக் கேட்பேன். இதைச் சொன்னபோது பயிற்றுநர் அறிவுரை எதுவும் தரவில்லை. "உங்களுக்கு விடை தெரியாத ஒன்றை அவர்களிடம் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?" என்றார். பிறகு பேசாமல் உட்கார்ந்திருந்தார். நானும் யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆபரேட்டர் தம்பியிடம் போய், "இது எப்படி ஆகிறது? நீ பார்த்ததைச் சொல்" என்றேன்.

"முதல் நாலு பீஸ் எப்போதும் இப்படித்தான் வரும், அண்ணா. சனிக்கிழமை சூடாக ஓடிய மெஷினில் அளவு வைத்துவிட்டுப் போகிறோம். திங்கட்கிழமை அது ஜில்லென்று கிடக்கிறது."

எஃகு 100 மி.மீ. நீளத்துக்கு, 10 டிகிரி சூடேறினால், ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். எங்களுக்குக் கிடைக்கும் 25 மைக்ரானில் பாதி அதிலேயே போய்விடும். நான் படித்த பாடம்தான் இது. இப்போது காலையில் 20 நிமிடம் மெஷினைச் சும்மா ஓடவிட்டு, முதல் பீஸை அளந்து திருத்திய பிறகே வேலை தொடங்குகிறோம். திங்கட்கிழமைச் சேதம் அநேகமாக நின்றுவிட்டது. அவனுக்கோ இது இரண்டு வருடமாகத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்கள் 'யார் போட்டது' என்றுதானே கேட்டீர்கள்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு, தவறிப்போன பீஸ்களைக் குறித்து வைக்கும் என் ரிஜெக்ட் ரிஜிஸ்டரில் எண்ணிக்கை இரண்டு மாதம் ஏறியது. பதறிப்போய்ப் பயிற்றுநரிடம் காட்டினேன். ஆமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டதை அவர் சொன்னார். நன்றாக நடக்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தனவாம். அங்கே பயமில்லாமல் சொல்ல முடிந்தது. எங்கள் ஷாப்பிலும் அதுவரை மூலையில் ஒளிந்திருந்த பீஸ்கள் மேஜைக்கு வந்திருந்தன.

அவர் கொடுத்த வீட்டுப்பாடத்துக்குத் தேவை ஒரு 20 ரூபாய் நோட்டுப் புத்தகம்தான். ஸ்ரீராமபுரத்துக்கு மெட்ரோவில் திரும்பும்போது மூன்று வரி எழுத வேண்டும்: இன்று யாரிடம் என்ன கேட்டேன், எனக்குத் தெரியாத எதைத் தெரிந்துகொண்டேன், யாருடைய பேச்சை இடையில் வெட்டினேன். கோரகுண்டேபாளையாவில் தொடங்கினால் சாண்டல் சோப் ஃபேக்டரி நிலையத்துக்குள் முடிந்துவிடும். மூன்றாவது வரி காலியாக இருந்த நாள் இதுவரை நான்குதான்.

போக நினைப்பவர்கள் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். 1995இல் தொடங்கிய சர்வதேசப் பயிற்றுநர் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். மூன்று படிகளில் தருகிறது. ஏ.சி.சி.க்கு 100 மணி நேரம், பி.சி.சி.க்கு 500, எம்.சி.சி.க்கு 2,500 மணி நேரம் பயிற்சி அளித்திருக்க வேண்டும். இவர் பி.சி.சி. கன்னடர்தான், ஆனால் நான் தமிழில் கொட்டித் தீர்த்ததையெல்லாம் புரிந்துகொண்டார். இது எனக்குச் சான்றிதழைவிடப் பெரிது. உடனே ஒரு வழி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துப் போனால் பணம் வீணாகும். அதற்கு அனுபவமுள்ள மூத்தவர் ஒருவர் போதும்.

அடுத்த மாதம் எங்கள் இரவு ஷிப்ட் பொறுப்பாளரை அனுப்பப் போகிறேன். அந்த 80 கேள்விப் படிவம் வேண்டாம் என்று பயிற்றுநரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.