ஸ்வெட்டர் பையில் ஒன்று, டப்பாவுக்குள் ஒன்று

போன சனிக்கிழமை மதுரைக்குப் போய் என் பெரிய லென்ஸை வாங்கி வந்தேன். உள்ளே ஃபங்கஸ், அதாவது பூசணம், பிடித்திருந்ததால் கழற்றித் துடைக்கக் கொடுத்திருந்தேன். இது இரண்டாவது தடவை. பஸ் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது, எங்கள் பள்ளிக்கு இந்த வருடம் வந்திருக்கும் அறிவியல் சார் போன் செய்தார். "டீச்சர், சின்ன கேமரா வாங்கட்டுமா, டிஎஸ்எல்ஆர் வாங்கட்டுமா? செகண்ட் ஹேண்டுல டிஎஸ்எல்ஆர் விலை நல்லா இறங்கியிருக்கு." என் தம்பி வயதுதான் அவருக்கு. மடியில் லென்ஸ், கையில் பில். அந்த நிமிடம் பதில் சொல்லியிருந்தால் கோபத்தில்தான் சொல்லியிருப்பேன். "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல நினைத்ததுதான் இது.

என்னிடம் இரண்டும் இருந்தன. சட்டைப் பையில் அடங்கும் காம்பாக்ட், ஒரு இஞ்ச் சென்சார் (படத்தைப் பதியும் தகடு), 2014இல் வாங்கியது. 2016இல் டிஎஸ்எல்ஆர், லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமரா; கூட சாதாரணக் காட்சிக்கு 18-55 லென்ஸும், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்ட 70-300 லென்ஸும். கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறைகள் இந்த மலையில் எதை வாங்கினாலும் வரக்கூடியவை. பெரியதன் சென்சார் சின்னதைப் போல மூன்று மடங்கு பரப்பு என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். போன் போதாதா என்று கேட்பவர்களுக்குப் போன் போதும், அவர்கள் வாங்க வேண்டாம்.

முதலில் மூட்டம். கொடைக்கானலில் படம் எடுக்கிறவருக்கு இதுதான் முதல் பாடம். 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறினால், எதிரில் இருந்த மரம் அரை நிமிடத்தில் காணாமல் போகும், அடுத்த அரை நிமிடத்தில் திரும்ப வரும். அந்த இடைவெளியில்தான் படம் இருக்கிறது. சின்ன கேமரா அதற்குள் கைக்கு வந்துவிடும், ஆனால் ஃபோகஸ் பிடிக்காது. அந்தக் கால காம்பாக்ட்கள் காட்சியில் இருக்கும் வெளிச்ச வேறுபாட்டைப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்யும். மூட்டத்தில் எல்லாமே ஒரே சாம்பல் நிறம், வேறுபாட்டுக்கு எங்கே போகும்? லென்ஸ் முன்னே போகும், பின்னே வரும், மறுபடி முன்னே போகும். அதற்குள் மரம் மறைந்துவிடும். எத்தனை தடவை இப்படி நின்றிருக்கிறேன்!

டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் முறை வேறு. கண்ணாடி வழியே வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டு, லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று உடனே கண்டுபிடிக்கும். அடர்ந்த மூட்டத்தில் அதுவும் தடுமாறும்தான். ஆனால் ஒரு மரத்தண்டின் விளிம்பைக் காட்டினால் போதும், டக்கென்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் வியூஃபைண்டர், கண்ணை வைத்துப் பார்க்கும் துளை. மூட்டத்திலும் சரி, மலை வெயிலிலும் சரி, காம்பாக்டின் பின்திரையில் என் முகம்தான் தெரியும். டிஎஸ்எல்ஆரில் கண்ணை வைத்தால் லென்ஸ் பார்ப்பதையே நானும் பார்க்கிறேன், நடுவில் திரை இல்லை. இத்தனை வருடம் பயன்படுத்திய பிறகும், கண்ணை வைக்கும்போது எனக்கு உள்ளே ஒரு அமைதி வரும். இன்னொன்று: எந்தக் கேமராவும் வெள்ளை மூட்டத்தைச் சாம்பலாகத்தான் எடுக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு விடும் வெளிச்சத்தை, ஒன்று கூட்டி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, இரண்டு வருடப் படங்கள் அழுக்காகப் போயின.

இவ்வளவும் பெரியதன் பக்கம். இனி சின்னது.

2018இல் குறிஞ்சி பூத்தது. 12 வருடத்துக்கு ஒரு முறை; அடுத்து 2030இல்தான். மேல்மலைச் சாலையோரச் சரிவில், நான் தினமும் பஸ்ஸில் போகிற வழியில், நீலமும் ஊதாவுமாக மலையே மாறியிருந்தது. இரண்டு கேமராவையும் எடுத்துக்கொண்டு போனேன். பெரியதில் எடுத்த பூக்கள் அழகாகத்தான் வந்தன: பூ கூர்மை, பின்னால் எல்லாம் குழைந்த பச்சை. எந்த ஊர்ப் பூ என்று சொல்ல முடியாத படங்கள். சின்னதை வைட் ஆங்கிளில் வைத்துப் பூவுக்கு ஐந்து சென்டிமீட்டர் வரை கொண்டுபோகலாம். என் 18-55ஓ ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்திலேயே நின்றுவிடும். சென்சார் சின்னது என்பதால் பூவும் தெளிவு, பின்னால் மடிப்பு மடிப்பாக இறங்கும் பழனி மலையும் அடையாளம் தெரியும். குறை என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சின்ன சென்சார்தான் இதைக் கொடுத்தது. அந்தப் படம் எங்கள் பள்ளியில் மாட்டியிருக்கிறது. அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் 2030இல் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குக் கிளம்பும் வயதில் இருப்பார்கள்.

மனிதர்களும் சின்னதற்குத்தான் இயல்பாக இருப்பார்கள். பூம்பாறையில் பூண்டு அறுவடை நேரம், வீட்டு வாசலில் கட்டுக் கட்டாக மலைப்பூண்டு காய்ந்துகொண்டிருக்கும். சின்ன கேமராவோடு போனால், "என்ன டீச்சர், இன்னிக்கு லீவா? டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டபடியே கட்டுவார்கள். பெரியதைத் தூக்கினால் வேலை நின்றுவிடும். சேலையைச் சரிசெய்வார்கள், "எந்த டிவியில வரும்?" என்று கேட்பார்கள். குழந்தை வேலப்பர் கோயில் தேரன்று பெரியதைக் கழுத்தில் மாட்டிப் போனேன். மூன்று பேர் என்னைப் பத்திரிகைக்காரி என்று நினைத்துக் குடிதண்ணீர்க் குறையைச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன், எழுதியும் கொடுத்தேன். தேரை ஒரு படமும் எடுக்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் சின்னதை நான் பயந்துதான் வைத்திருந்தேன். காட்டுமாடு இப்போது ஊருக்குள்ளேயே நிற்கிறது. சின்ன கேமராவின் குறைவான ஜூமில் மாடு சின்னதாகத் தெரிவதால் ஒரு அடி, இன்னொரு அடி என்று கால் தானாக முன்னே போகும். 300 லென்ஸ் இருந்தால் ரோட்டின் அந்தப் பக்கமே நின்றுகொள்ளலாம். புதிதாக வருகிறவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்கிறேன்.

சரி, ஃபங்கஸ். உண்மையில் நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பழனி மலைக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதிகம் பெய்வது வடகிழக்குப் பருவத்தில். முதல் வருடம் அக்டோபரில் டிஎஸ்எல்ஆரை அதற்கென்று வாங்கிய பஞ்சு வைத்த பையில் போட்டு, பையோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பொங்கல் லீவில் எடுத்துப் பார்த்தால் பையில் வெள்ளைப் பூசணம். செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுவுக்கு வேர் ஓடியதுபோல மெல்லிய கிளைகள். அழுகை வந்தது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் போதும், அது முளைக்கும். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்குச் சாப்பாடு. வளர வளர அமிலம் கக்கும், அந்த அமிலம் கண்ணாடி மேல் இருக்கும் பூச்சை அரிக்கும். அரித்த பிறகு துடைத்தாலும் தடம் போகாது. ஆரம்பத்தில் படத்தில் ஒன்றும் தெரியாது. வெயிலுக்கு எதிராக எடுக்கும்போதுதான் படத்தின் மேல் பால் ஊற்றியதுபோல ஒரு மங்கல் வரும்.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன். ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே அரைக் கிலோ சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே போகவிடக் கூடாது, லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸும் ரப்பரும் காய்ந்துவிடும். ஆரஞ்சு ஜெல் ஈரம் குடித்தால் பச்சையாகும். சமையலுக்கு ஆகாத பழைய வாணலி ஒன்றை ஒதுக்கி, சிறு தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சு. நீல நிற ஜெல் வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது. அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம், தவிட்டுத் தூசி போதும் லென்ஸைக் கெடுக்க. மலையிலிருந்து கீழே இறங்கினால் வத்தலக்குண்டில் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கேமராமேல் கீழ்க்காற்று பட்டவுடன் வேர்த்துவிடும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் இருக்கட்டும்.

இத்தனையும் செய்து, ஏழு வருடம் காப்பாற்றி, போன ஐப்பசியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஒரு மாதம் திண்டுக்கல்லில் இருந்தேன். ஜெல் வறுக்க ஆளில்லை. திரும்பி வந்தபோது மீட்டர் 78. 70-300க்குள் மறுபடி அந்த வேர்.

எனக்கு வருத்தம் ஃபங்கஸ்மேல் மட்டும் இல்லை. அதற்குப் பயந்து அந்தக் கேமராவை நான் எடுக்காமல் விட்ட நாட்கள்மேல். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது ஜன்னலில் மூட்டம் தெரியும். டப்பாவைத் திறந்தால் ஈரக்காற்று உள்ளே போகும், நனைந்தால் காயவைக்க வேண்டும், லென்ஸோடு ஒரு கிலோவுக்கு மேல் கனம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. வேண்டாம், இருக்கட்டும். இப்படி எத்தனை காலை! மழை ஆறு மாதத்தில் நான்கு மாதம் அது டப்பாவுக்குள்தான். வெயில் பட வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே ஃபங்கஸுக்கு நல்ல மருந்து என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே பூட்டி வைத்தேன்.

சின்னதோ ஸ்வெட்டர் பையிலேயே வாழ்ந்தது. மழையில் நனைந்தது, ஜனவரி உறைபனியில் மன்னவனூர் புல்வெளிக்கு வந்தது. ஒன்பது வருடத்தில் நான் எடுத்த நல்ல படம் பத்தில் எட்டு அதில்தான். அந்த உழைப்புக்கு விலையும் கொடுத்தது. ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் லென்ஸ் குழாய் வெளியே நீளும்போது சைக்கிள் பம்பு மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தூசியும் ஈரமும் அதோடு போகும். 2021இல் வானத்தில் ஒரு புள்ளி, அப்புறம் ஐந்து, அப்புறம் மொத்தப் படமும் மங்கல். கழற்றிக் காட்டியபோது, "துடைக்க வழியில்ல மேடம், லென்ஸ் யூனிட்டையே மாத்தணும்" என்றார்கள். அதற்குச் சொன்ன தொகையில் பழைய கேமரா ஒன்றே வாங்கலாம். 2023இல் லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். பெரியதை இரண்டு தடவை கழற்றித் துடைத்து மீட்டாகிவிட்டது. இந்த மலையில் கழற்ற முடிகிற பொருள்தான் நிலைக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரியதுக்காக இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இங்கே சோலைக்குள், மலை மடிப்பில் இருக்கும் அடர்ந்த காட்டுக்குள், வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி என்று ஒரு பறவை இருக்கிறது. பெயரில்தான் கிளி. நீல நிறத்தில், புதரடியில் தாவித் திரியும் சின்ன உருவம். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மலை உச்சிச் சோலைகளில் மட்டும்தான் உண்டு. 2017இல் அதற்கு வைத்த அறிவியல் பெயர் ஷோலிகோலா. நம் சோலை என்ற சொல் அந்தப் பெயரிலேயே ஏறிவிட்டது. பகல் பதினொரு மணிக்கும் சோலைக்குள் மாலை இருட்டுதான். இருட்டில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 3200இல் வைத்து, ஷட்டர் 1/125 நொடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். கண்ணுக்குள் மின்னும் ஒளிப்புள்ளிகூட வந்திருந்தது. சின்னதில் எடுத்திருந்தால் அது இலைகளுக்குள் ஒரு கறுப்புத் துளி. அந்த ஒரு படத்துக்காகவே பெரியதை வாங்கலாம் என்று அன்று இரவு எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

விலை இறங்கியதற்குக் காரணமும் உண்டு. கேனனும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை, இருவரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போய்விட்டார்கள். ஆனால் நிக்கானின் எஃப் மவுண்ட், அதாவது லென்ஸை மாட்டும் வளையம், 1959லிருந்து இருக்கிறது, லென்ஸுக்குப் பஞ்சம் வராது. பழையது வாங்கினால் டார்ச் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் இதையெல்லாம் சொன்னேன். தம்பி பாதியிலேயே டிஎஸ்எல்ஆர்தான் என்று முடிவு செய்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. "இல்ல தம்பி, சின்னதே வாங்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கெட்டுப்போகும், துடைக்க முடியாது, மூட்டத்தில் ஃபோகஸ் பிடிக்காது, எல்லாம் தெரியும். இருந்தாலும் வாங்கு. இரண்டு வருடமாக என் ஸ்வெட்டர் பை காலி. அன்று காலை பூம்பாறை வளைவில் படிக்கட்டு வயல்மேல் பாதி வெயில், பாதி மேகம். பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தேன், கையில் ஒன்றும் இல்லை. அதே மாடல் பழையது ஒன்று எங்காவது கிடைக்குமா என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"அப்போ பெரிய செட்டை எனக்குக் கொடுத்துடறீங்களா டீச்சர்? நல்ல விலை தர்றேன்."

மாட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்து ஜெல்லை வறுத்து ஆறவைத்தேன். மீட்டர் இப்போது 44.