பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் என் 9,500 பவுண்டு போன கதையைப் படியுங்கள்

இன்று மதியம் ஒரு வெல்டர் என் காரை ஜாக்கியில் தூக்கினார். கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகட்டில், இங்கே இங்கிலாந்தில் 'சில்' என்பார்கள், ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போனது, நமுத்த அப்பளத்தில் விரல் போகிற மாதிரி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "எவ்வளவு கொடுத்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

9,500 பவுண்டு. ஆறு வருடம் சேர்த்த பணம்.

கார் 1972 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது மேலே திறந்த வகை, பச்சை நிறம், குரோம் பம்பர். இதன் மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் என் அப்பா. மதுரையில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். அந்தப் பழைய பெட்ரோல் அம்பாசடரில் இருந்த 1489 சி.சி. இன்ஜினும், எம்.ஜி.பி.யில் இருக்கும் 1798 சி.சி. இன்ஜினும் ஒரே குடும்பம், பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ். ரெடிங்குக்குக் குடிவந்த புதிதில் ஒரு எம்.ஜி.பி. பக்கத்தில் வந்து நின்றபோது, அந்த உறுமலின் அடியில் அப்பா வண்டியின் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

விற்றவர் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு கிராமத்தில், பழைய வைக்கோல் கொட்டகையில் பழங்கார் வியாபாரம் செய்பவர். இணையத்தில் அழகழகான படம் போடுவார். எழுபது வயதிருக்கும், கிரீஸ் கறை படிந்த கோட்டு, காலடியில் கிழட்டு நாய். டீ போட்டுக் கொடுத்தார். "இந்த வண்டி பிறந்த ஆபிங்டன் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான்" என்றார். சோக்கை இழுத்து, ஒரே திருப்பில் இன்ஜினைக் கிளப்பிக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அம்பாசடர் கதையைச் சொன்னேன். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் இது உன் அப்பாவின் இன்ஜின்தான்" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். அதற்கப்புறம் நான் காரைப் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அதைக் கவனித்திருக்கிறார். எனக்கு இப்போது ஆத்திரம் வருவது துருவை நினைத்தல்ல, இதை நினைத்துத்தான்.

ஒரு தடித்த ஃபைல் கொடுத்தார். கார்புரேட்டர், கிளட்ச், டயர் என்று இருபது வருட ரசீதுகள். வெல்டிங் ரசீது ஒன்றுகூட இல்லை என்பது இன்று இரவுதான் உறைத்தது. வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று வருடாவருடம் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனை பற்றிக் கேட்டேன். "நாற்பது வயது தாண்டிய வண்டிக்குத் தேவையில்லையே" என்று சிரித்தார். உண்மைதான், 2018 மே மாதத்திலிருந்து விலக்கு. கார்டில் கட்டட்டுமா என்றதற்கு, "அதற்கு வீண் கமிஷன் போகும், பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணிவிடு" என்றார். அங்கேயே ஃபோனில் 9,500 பவுண்டை அனுப்பினேன். மனைவி, "யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாங்கக் கூடாதாங்க?" என்று காலையிலேயே கேட்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் பையன் விளையாட்டாக ஃபிரிட்ஜில் இருந்த மீனாட்சி கோயில் காந்தத்தைக் காரில் ஒட்டினான். போனட்டில் ஒட்டியது. கதவுக்குக் கீழே வைத்தால் பொத்தென்று விழுந்தது. மறுபக்கமும் அப்படியே. தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையை அடைக்கும் பட்டிக் கலவை.

விற்றவரை உடனே ஃபோனில் கூப்பிட்டேன். "ஐம்பது வருட வண்டி, கொஞ்சம் துரு இருக்கத்தான் செய்யும்" என்றார். அடுத்த வாரம், "ஏலத்துக்குப் போயிருக்கிறார்" என்று ஒரு பெண் சொன்னார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்ததோடு சரி. பிறகு, "நேரில் வந்து பார்க்கிறேன், அவசரப்படாதே" என்று ஒரு செய்தி. வரவில்லை. இன்றோடு வாங்கி 34 நாள். ஏன் இழுத்தார் என்பது இப்போதுதான் புரிகிறது: வியாபாரியிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்கும் உரிமை இங்கே முதல் 30 நாளுக்குத்தான்.

எம்.ஜி.பி.க்கு லாரி போலத் தனிச் சேசிஸ் கிடையாது. என்னுடையது ரோட்ஸ்டர் என்பதால் மேலே இரும்புக் கூரையும் இல்லை. முக்கியமாக அந்த இரண்டு சில்களும்தான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. வெல்டர் பின்பக்கத்தைத் தூக்கியபடியே கதவைத் திறந்து மூடச் சொன்னார். மூடவில்லை. கார் நடுவில் வளைகிறது! உள்தகடு உளுத்துப்போக, அதன் மேல் பட்டி பூசி, அடியில் கறுப்புத் தார் அடித்து மறைத்திருக்கிறார்கள். சரிசெய்ய 7,200 பவுண்டு கேட்கிறார்.

பழைய எம்.ஓ.டி. விவரம் அரசாங்கத் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டினால் இலவசமாக வரும். இன்று தட்டினேன். 2017இல் ஃபெயில், இரண்டு பக்கச் சில்லிலும் துரு. அதன்பின் சோதனையே இல்லை, மறுவருடம் விலக்கு வந்துவிட்டதே. அந்தக் கொட்டகையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

மாலையில் கடைசியாக விற்றவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வண்டி அவருடையதே இல்லையாம், வேறொருவருக்காக விற்றுக்கொடுத்தாராம், வியாபாரி என்ற பொறுப்பிலிருந்து நழுவப் பார்க்கிறார். பில்லின் அடியில் எறும்பு எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. "நல்லெண்ணத்தில்" 3,000 பவுண்டுக்குத் திரும்ப எடுத்துக்கொள்வாராம். என் 9,500 பவுண்டு அவர் நல்லெண்ணத்தில் 3,000 ஆகிவிட்டது.

வாங்குபவர்களுக்கு விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. காந்தம் கொண்டுபோங்கள். ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். அடியில் புதிதாகத் தார் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பில்லில் விற்பவர் பெயர் யாருடையது என்று பாருங்கள். ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள், கார்டு கம்பெனியின் கதவைத் தட்டவாவது வழி இருக்கும். குறை தெரிந்த அன்றே "வண்டி வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடு" என்று எழுத்தில் அனுப்புங்கள், ஃபோனில் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். டீ குடிக்காதீர்கள்.

சிறு வழக்கு நீதிமன்றத்தின் உச்சவரம்பு 10,000 பவுண்டு, என் தொகை அதற்குள் வருகிறது. நோட்டீஸ் எழுத வேண்டும். ஊரிலிருந்து அப்பா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார், வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்க. இன்னும் எடுக்கவில்லை.