"நூறு மணி நேரம் ஓட விடுங்க" என்று கடையில் சொன்னால் உஷார்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆடியோ பாகம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடப்போவதில்லை.

என் ப்ரீ-ஆம்ப்ளிஃபையரில் (மெயின் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் சிக்னலைச் சரிசெய்து கொடுக்கும் பகுதி) இருந்தது என்இ5532 என்ற ஐசி, சிக்னலைப் பெருக்கும் சின்ன சில்லு. அதற்குப் பதில் ஓபிஏ2134 போட்டுப் பார்க்க ஆசை. இரண்டுக்கும் எட்டுக் கால்தான், கால் அமைப்பும் ஒன்றே. போர்டில் ஐசி பேஸ், அதாவது ஐசியைச் செருகும் சாக்கெட், இருந்தால் பழையதை உருவிவிட்டுச் செருக வேண்டியதுதான். "ஒரிஜினல் சரக்கு அண்ணாச்சி, கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். அதே பேச்சில் ஒரு நீல நிற வால்யூம் கன்ட்ரோலையும் தலையில் கட்டினார்.

வீட்டில் மாட்டினால் பழையதைவிட மோசம். பாட்டு நின்ற இடத்தில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் தனியாகக் கேட்கிறது. வால்யூமைக் குறைத்தால் பாட்டு இடது ஸ்பீக்கர் பக்கமே போய் ஒதுங்குகிறது. போன் போட்டால், "புது ஐசி அப்படித்தான் அண்ணாச்சி, நூறு மணி நேரம் ஓட விடுங்க, சவுண்டு தானா திறக்கும்" என்கிறார். ஊறிச் சரியாக இதென்ன வடுமாங்காயா? ரொம்ப நாள் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) மின்கசிவு கூடுதலாக இருக்கும், கரண்ட் கொடுத்தால் குறையும், அது உண்மை. ஐசிக்கு அந்தக் கதை பொருந்தாது. கடையில் திருப்பி எடுப்பது ஒரு வாரத்துக்குள்தான். வேலை முடிந்து வந்து ராத்திரி ரெண்டு மணி நேரம் பாட்டுக் கேட்கிற ஆளுக்கு நூறு மணி நேரம் எப்போது முடியும்? சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

அதனால் வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு ஐசியின் தலையில் தேய்த்தேன். எழுத்து வழித்துக்கொண்டு வந்தது, அடியில் உரசின கோடுகள். ஆனால் மையில் அச்சடித்த நல்ல ஐசியிலும் எழுத்து அழியலாம், அதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். மல்டிமீட்டர்தான் சரியான சாட்சி. ஓபிஏ2134 சும்மா இருக்கும்போதே சுமார் 8 மில்லிஆம்பியர் இழுக்கும். ஐசிக்குப் போகும் சப்ளையில் மீட்டரைத் தொடராக வைத்துப் பார்த்தால் என்னுடையது 3-ஐக்கூடத் தொடவில்லை. ஏதோ மலிவான ஐசியைச் சுரண்டிப் பேர் மாற்றியிருக்கிறார்கள். வால்யூம் கன்ட்ரோலில் குமிழைக் குறைந்த சத்தத்தில் வைத்து இடது, வலது இரண்டு பக்கத்து ஓமையும் (மின்தடை) அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையதில் ஒன்று மற்றதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கடைக்குக் கொண்டுபோனால், ஐசிகளை அடுக்கி வைத்திருக்கும் அதே குழாயிலிருந்து இன்னொரு ஐசியை உருவித் தருகிறார். அதுவும் அதே ரகம். பணம் கேட்டால், "சால்டர் வச்சுட்டீங்களே" என்கிறார். ஐசியைச் செருகத்தானே செய்தேன், ஈயம் எங்கே வந்தது?

பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு: 'ஐசி, கன்ட்ரோல்', அவ்வளவுதான். ஐசி நம்பரை முழுசாக எழுதச் சொல்லி வாங்குங்கள். நல்லவேளை, 'ஒரிஜினல் 2134' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் கையில் இருக்கிறது. அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. பழைய 5532-ஐத் திரும்பச் செருகியாயிற்று, இரைச்சல் இல்லை.