ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு

வாங்கலாம். ஆனால் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலைக்கு மட்டும்தான் கையில் பணம் இருக்கிறது, நல்ல ஹெல்மெட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற நிலையில் இருந்தால் இப்போதைக்கு வாங்காதீர்கள். நான் ஓட்டுவது டூயல் சேனல் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி இரண்டு சக்கரத்துக்கும் உள்ள கிளாசிக் 350. திருச்சியில் தினசரி வேலைக்குப் போக வரவும், லீவு நாளில் நாமக்கல், கொல்லிமலை, தஞ்சாவூர் பக்கம் போகவும் இதே வண்டிதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிஜமாகவே நிறைய இருக்கிறது. 2021 செப்டம்பரில் வந்த இந்த கிளாசிக்கை, பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தது என்று நினைக்க வேண்டாம். இஞ்சின், ஃபிரேம் எல்லாமே வேறு. பழைய 346 சிசி இஞ்சினில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கைப்பிடி, கால்மிதி, கண்ணாடி எல்லாம் சேர்ந்து அதிரும், பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்றே கண்ணாடியில் தெரியாது. புது 349 சிசி இஞ்சினில் அதிர்வை அடக்க பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது, அதே வேகத்தில் பின்னால் வரும் வண்டியின் நம்பர் பிளேட் நிறம் வரைக்கும் தெரிகிறது. பழைய புல்லட் ஓட்டிப் பழகியவர்கள் அந்த 'டக் டக்' சத்தம் இல்லையே என்று குறைப்படுகிறார்கள். எனக்குக் கண்ணாடி தெரிவதுதான் முக்கியம்.

பவர் 20.2 பிஎச்பி. எண்ணை மட்டும் பார்த்தால் ரொம்பக் குறைவு, இதைவிடக் குறைந்த எடையில் இதே பவர் தரும் வண்டியெல்லாம் இருக்கிறது. ஆனால் 27 என்எம் டார்க், அதாவது இழுவை, இஞ்சின் மெதுவாகச் சுற்றும் 4000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுவதால், மூன்றாவது கியரில் 30இல் உருட்டிக்கொண்டு போகும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் திணறாமல் இழுக்கும். திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் போகிற ரோட்டில், ஒரு பக்கம் காவிரியும் இன்னொரு பக்கம் வாழைத்தோட்டமுமாக, டாப் கியரில் 65, 70இல் போய்க்கொண்டே இருக்கலாம். கை வலிக்காது, முதுகு வலிக்காது, யாரையும் முந்த வேண்டும் என்று தோன்றவும் தோன்றாது. மனசை நிதானத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது இந்த வண்டி, இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது, மூன்றாவது கியரே போதும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் விட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

இனி எடை. 195 கிலோ. ஓடிக்கொண்டிருக்கும் வரை தெரியாது, நின்றால்தான் தெரியும். காந்தி மார்க்கெட் பக்கம் காலையில் லோடு ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே அரை அடி, அரை அடியாக நகர்த்துவது நல்ல வேலை இல்லை, வெயில் காலத்தில் இஞ்சின் சூடும் காலில் ஏறும். சரிவான இடத்தில் முன் சக்கரத்தைப் பள்ளத்தின் பக்கம் வைத்து நிறுத்திவிட்டால், திரும்ப எடுக்கும்போது உட்கார்ந்தபடி கால்களால் உந்திப் பின்னுக்குக் கொண்டுவர முடியாது, இறங்கித்தான் தள்ள வேண்டும். சீட் உயரம் 805 மிமீ. கால் முழுசாகத் தரையில் ஊன்றாதவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தினமும் ஊருக்குள்ளேயே எட்டு பத்து கிலோமீட்டர் ஓட்டுவதற்கு மட்டும்தான் வண்டி என்றால், இதே இஞ்சினோடு 181 கிலோவில் ஹன்டர் 350 இருக்கிறது, அதைப் பாருங்கள்.

வேகமாகப் போனால்தான் ஆபத்து, இது நிதானமான வண்டி, பயமில்லை என்று வீட்டில் பெரியவர்களே சொல்லி வாங்கித் தருவதைப் பார்க்கிறேன். பாதிதான் சரி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இறந்தவர்கள் எல்லோரும் ரேஸ் ஓட்டியவர்கள் இல்லை. கிளாசிக்கில் எனக்குப் பயம் தரும் இடம் முந்துவதுதான். 80இலிருந்து 100 போக இந்த இஞ்சின் நேரம் எடுத்துக்கொள்ளும். நடுவில் தடுப்பு இல்லாத இருவழி ரோட்டில், 70இல் போகும் லாரியை முந்த ஆரம்பித்துப் பாதியில் எதிரே பஸ் வந்தால், முறுக்கித் தப்பிக்கிற அளவுக்கு இதில் பவர் கிடையாது. எதிர் ரோடு நீளமாகக் காலியாகத் தெரிந்தால் ஒழிய லாரியின் பின்னாலேயே போங்கள்.

பிரேக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். 60இல் போகும்போது ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறோம், 80இல் 22 மீட்டர். நாய் குறுக்கே வருவதைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே இவ்வளவு தூரம் போய்விடும். அதற்கப்புறம் வண்டி நிற்க ஆகும் தூரம் 60ஐவிட 80இல் முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம் என்றாலும், விலை குறைந்த வகையில் முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ், பின்னால் டிரம் பிரேக் என்று வரும். புக் பண்ணும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், சில ஆயிரம் கூடினாலும் டூயல் சேனலையே எடுங்கள். ஆனால் ஏபிஎஸ் இருந்தும் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால்தான் போகும், வண்டியை நிறுத்துவது முன் பிரேக்தான். புது வண்டி வந்த வாரமே காலி மைதானத்தில் 30, 40, 50 என்று இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவரில் கையைத் தட்டுவது போல அதிரும், பயந்து விட்டுவிடக் கூடாது.

பின்னால் உட்காருபவரைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. அம்மாவோ மனைவியோ புடவையில் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பாரம் முழுக்க ஒரு பக்கம் சாயும், சிக்னலில் நிற்கும்போது அந்தச் சாய்வு தொடையில் தெரியும். பின் சீட்டும் சின்னது, ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் இறங்கி நிற்க வேண்டியிருக்கும். பார்க்க நன்றாக இல்லை என்று சேலை கார்டைக் கழற்றுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புடவை முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். 2022இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஐஎஸ்ஐ முத்திரை, தாடையை மூடும் முழு ஹெல்மெட், தலையில் போட்டு ஆட்டினால் கன்னம் சேர்ந்து அசைய வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றக் கூடாது. ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடிய ஷூ எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாயை வண்டி விலையோடு சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். இந்த வெயிலில் ஜாக்கெட்டா என்றால், வலை போல ஓட்டையுள்ள கோடை ஜாக்கெட் கிடைக்கிறது, ஓடும்போது காற்று உள்ளே வரும்.

அடுத்து பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேலே போனால் 40. 349 சிசியில் நிற்கும் கிளாசிக்குக்கு இது பெரிய லாபம். ஆனால் நம் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம், அது சேராத எக்ஸ் ஷோரூம் விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். நான் எடுத்த ஷோரூமில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு தொகை, நான் கேட்காத கிராஷ் கார்டு, சீட் கவர் எல்லாம் சேர்த்து ஒரு பில் போட்டார்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று பிரித்து எழுதிக் கொடுங்கள் என்றதும் பாதி தானாகவே காணாமல் போனது.

கடன் வாங்குவதாக இருந்தால் கடைசி வரை முழுக் கடனுக்கும் போடும் ஃபிளாட் வட்டியா, கட்டக் கட்டக் குறையும் அசலுக்கான வட்டியா என்று முதலில் கேளுங்கள். இரண்டு லட்சம், மூன்று வருஷம், பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். குறையும் அசலுக்கு என்றால் மாதத் தவணை சுமார் 6,450 ரூபாய், மொத்த வட்டி 32,000 சொச்சம். ஃபிளாட் என்றால் தவணை 7,222, மொத்த வட்டி 60,000. அதாவது பத்து சதவீதம் என்று சொல்லிப் பதினெட்டு சதவீதம் வாங்குகிறார்கள். இந்த ஒரு கேள்வியில் மிச்சமாகும் பணத்திலேயே நான் மேலே சொன்ன ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் வந்துவிடும். புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம், ஆனால் அது நம் வண்டிக்கும் நமக்கும் எதுவும் தராது. சொந்த சேதத்துக்கான பாலிசியும், 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் இருக்கிறதா என்று பாலிசித் தாளை வாங்கிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து.

மைலேஜ் எனக்கு ஊருக்குள் 30, வெளியே 35. டேங்க் 13 லிட்டர், ஆக வெளியே போகும்போது 400 கிலோமீட்டருக்குக் கவலை இல்லை. ஸ்போக் சக்கரம் பார்க்க அழகு, ஆனால் உள்ளே டியூப், ராத்திரியில் ஆணி ஏறினால் வண்டி அங்கேயே நின்றுவிடும், 195 கிலோவைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடை தேட வேண்டும். அடிக்கடி தூரம் போகிறவர்கள் அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர் வரும் வகையை எடுப்பது நல்லது.

டெஸ்ட் ரைடுக்குத் தனியாகப் போகாதீர்கள், பின்னால் யார் உட்காரப் போகிறார்களோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். கூட்டமான ரோடு, ஒரு ஸ்பீட் பிரேக்கர், ஒரு யூ டர்ன், இறங்கித் தள்ளிப் பின்னால் எடுப்பது, இவ்வளவும் செய்து பாருங்கள். அதற்கு விடாத ஷோரூமில் முன்பணம் கட்டாமல் அடுத்த ஷோரூமுக்குப் போய்விடுங்கள்.