பழைய ஆர்இ20 மைக் வாங்குகிறவர்கள் முதலில் உள்ளே இருக்கும் ஃபோமைப் பாருங்கள்

நானும் இரண்டு நண்பர்களும் மிச்சிகனில் இருந்துகொண்டு வாராவாரம் இணையத்தில் ஒரு தமிழ் வானொலி நிகழ்ச்சி நடத்துகிறோம். எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 வாங்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. அமெரிக்க வானொலி நிலையங்களில் அறிவிப்பாளரின் வாய்க்கு முன்னால், உடம்பு நெடுக நீளத் துளைகளோடு தடியாக ஒரு மைக் நிற்குமே, அதுதான். 1968-இல் வந்தது. அந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் இயங்கியதும் இதே மிச்சிகனில்தான், ப்யூக்கனன் என்ற சின்ன ஊரில். சாதாரண மைக்கில் வாயை அருகே கொண்டுபோனால் குரல் கனத்துவிடும். இதில் அந்தப் பக்கவாட்டுத் துளைகள் இருப்பதால் கிட்டே வந்தாலும் தள்ளிப் போனாலும் குரல் பெரிதாக மாறாது. மணிக்கணக்கில் பேசுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

புதிதாக வாங்கக் கையில் பணம் இல்லை. மூடிய வானொலி நிலையத்திலிருந்து எடுத்தது, சோதித்துப் பார்த்தாயிற்று, நன்றாக வேலை செய்கிறது என்று ஒருவர் இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்தார். 260 டாலர். மூன்று பேரும் பங்கு போட்டு வாங்கினோம்.

வந்தபோது வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பதிவு செய்து கேட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கியிருந்தது. ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அறைந்தது. மைக்கைச் சாய்த்தபோது மேஜையில் மிளகுத்தூள்போல ஏதோ கொட்டியது. முன்வலையைக் கழற்றினோம். மூச்சுக்காற்றைத் தடுக்க உள்ளே வைத்திருக்கும் ஃபோம் பிசுபிசுத்து, தொட்டால் உதிர்ந்தது. பழைய ஆர்இ20-களில் வயதாக ஆக ஃபோம் இப்படி மக்கிப்போவது உண்டு. அந்தத் தூள், குரலுக்கு அதிரும் மெல்லிய சவ்வான டயாஃப்ரத்தின் மேலும் படிந்துவிடும். மைக் விற்றே பழகியவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

அவருக்கு எழுதினேன். “திறந்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன், உண்மை அதுதானே. திறந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று முடித்துக்கொண்டார். விற்பனைத் தளத்தில் புகார் செய்தோம். மைக்கில் சத்தம் வருகிறது, ஆகவே ‘வேலை செய்கிறது’ என்பது பொய்யில்லை என்று பதில் வந்தது. ஃபோம் மாற்றிச் சுத்தம் செய்ய பழுது பார்ப்பவர் 180 டாலர் கேட்கிறார். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய புது மைக்கின் விலை.

நாங்கள் செய்த தப்பு, முதலில் திறந்ததுதான். நீங்கள் திறக்காதீர்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். ஒரு வெள்ளைத் தாளின் மேல் மைக்கைச் சாய்த்து மெல்லத் தட்டுங்கள், தூள் விழுந்தால் அதையும் படமெடுத்து அன்றைக்கே எழுதிவிடுங்கள். பணம் கட்டும் முன்பே டார்ச் அடித்து முன்வலைக்குள்ளும் பக்கத்துளைக்குள்ளும் எடுத்த படம் கேளுங்கள். ஃபோம் எப்போது மாற்றியது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், அதே மைக்கில் ஒருவர் கிட்டவும் தள்ளியும் பேசிய பதிவு ஒன்றும் அனுப்பச் சொல்லுங்கள். இதையெல்லாம் செய்ய யோசிக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

நேற்று பார்த்தேன், எங்களுக்கு விற்றவர் இன்னும் இரண்டு ஆர்இ20 போட்டிருக்கிறார். மூடிய வானொலி நிலையம், சோதித்தாயிற்று என்ற அதே வரிகள். எல்லாப் படமும் பக்கவாட்டில் எடுத்தது, முன்வலை தெரிகிற மாதிரி ஒன்றுகூட இல்லை.