ஃப்ரீபிபிஎக்ஸின் வீக் பாஸ்வேர்டு எச்சரிக்கை: எதைப் பிடிக்கும், எதை விடும்

ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்சாக வேலை செய்யும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளை பிரவுசரிலேயே நிர்வகிக்க உதவுவது ஃப்ரீபிபிஎக்ஸ்; அதோடு கிடைக்கும் இலவச மாட்யூல்தான் இந்த வீக் பாஸ்வேர்டு எச்சரிக்கை. எக்ஸ்டென்ஷன் (உள் போன் எண்), ட்ரங்க் (வெளி லைன் இணைப்பு) இரண்டின் சீக்ரெட்டையும், அதாவது பாஸ்வேர்டையும், சோதித்து, பலவீனமாக இருந்தால் டாஷ்போர்டில் அறிவிப்பு போடும். எந்த எண், என்ன காரணம் என்ற பட்டியலும் உண்டு. காசு கொடுக்காமல் கிடைக்கும் காவலுக்கு இது நல்ல காவல்தான். ஆனால் பார்வை கொஞ்சம் கிட்டப்பார்வை.

அது பார்ப்பது நாலே விஷயங்கள்: 123456 மாதிரி வரிசை எண்கள், எக்ஸ்டென்ஷன் எண்ணே சீக்ரெட்டாக இருப்பது, ஒரே எழுத்து தொடர்ந்து வருவது, 6 எழுத்துக்குக் குறைவான நீளம். 2001-க்கு 2001 என்று வைத்தால் பிடித்துவிடும். 20012001 என்று வைத்தால் பேசாமல் இருக்கும். welcome1 என்று வைத்தாலும், கம்பெனி பெயரோடு வருடத்தைச் சேர்த்தாலும் இதே கதைதான். இணையப் போன் சர்வர்களின் சீக்ரெட்டை ஊகித்துப் பார்க்கும் சிப்விசியஸ் போன்ற கருவிகள் எண் வரிசைகளையும் சொல் பட்டியலையும்தான் ஓட்டும். போன்கள் சர்வரோடு பேசும் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்த சர்வரின் லாகில், சிப்விசியஸ் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்ற பெயர் தட்டுப்படுவது சகஜம். எச்சரிக்கை வரவில்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

புது எக்ஸ்டென்ஷன் போடும்போது ஃப்ரீபிபிஎக்ஸே 32 எழுத்து சீக்ரெட் ஒன்றை உருவாக்கித் தருகிறது. போன் கீபேடில் அடிக்கச் சிரமம் என்று அதை அழித்துவிட்டுச் சின்னதாக வைப்பதில்தான் வினை ஆரம்பிக்கிறது. போனின் ஐபி முகவரியை பிரவுசரில் திறந்து அங்கே ஒட்டினால் வேலை முடிந்தது. நீளமான சீக்ரெட்டை ஏற்காத பழைய போன் என்றால் 16 எழுத்தாவது வையுங்கள்.

எச்சரிக்கை வந்த எண்களை மாற்றும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மாற்றத்தை அமலாக்கும் அப்ளை கான்ஃபிக் பட்டனை அழுத்திய பிறகு, பழைய சீக்ரெட்டோடு போன்கள் திரும்பத் திரும்ப ரிஜிஸ்டர் (சர்வரில் பதிவு) கேட்கும். சர்வர் கிளவுடில் இருந்தால், தவறான பாஸ்வேர்டு திரும்பத் திரும்ப வரும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்டுபேன், இதைத் தாக்குதல் என்று எண்ணி ஆபீஸின் பொது ஐபியையே அடைத்துவிடும். அத்தனை போனும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். அந்த ஐபியை முதலில் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு, பிறகு பத்துப் பத்து எண்ணாக மாற்றுங்கள். எண்களை மொத்தமாக ஏற்றி இறக்கும் பல்க் ஹேண்ட்லரில் சிஎஸ்வி கோப்பாக எடுத்து மாற்றுவது வேகமான வழி. ஆனால் அதை எக்செலில் திறந்து சேமித்தால் 0423 என்ற வாய்ஸ்மெயில் பின் 423 ஆகிவிடும். நெடுவரிசையை டெக்ஸ்ட் வகையாக இறக்குமதி செய்யுங்கள்.

இன்னொன்று: சீக்ரெட்டை மாற்றினாலும், ஏற்கெனவே ரிஜிஸ்டர் ஆன திருட்டுக் கருவி காலாவதி நேரம் முடியும்வரை பட்டியலில் இருக்கும். அந்தக் கருவியால் வெளியே கால் போட முடியாது, ஒவ்வொரு காலுக்கும் சீக்ரெட் கேட்கப்படும். உள்ளே வரும் கால் மட்டும் அதற்கும் அடிக்கும். ஆஸ்டரிஸ்க் கமாண்ட் லைனில் 'பிஜேசிப் ஷோ கான்டாக்ட்ஸ்' (pjsip show contacts) ஓட்டி, தெரியாத ஐபி இருக்கிறதா என்று பாருங்கள். திருடன் ரிஜிஸ்டர் ஆகாமலேயே, சரியான சீக்ரெட்டோடு நேராகக் கால் போடவும் முடியும் என்பதால், பட்டியல் சுத்தமாக இருந்தாலும் கால் விவரங்கள் பதிவாகும் சிடிஆர் அறிக்கையில் நள்ளிரவு வெளிநாட்டுக் கால்களையும் தேடுங்கள்.

வாய்ஸ்மெயில் பின்னை இந்த மாட்யூல் தொடுவதே இல்லை. டிஎஃப்டிபி (TFTP) என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக போன்களுக்கு கான்ஃபிக் அனுப்பும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம்: 32 எழுத்து சீக்ரெட்டும் அந்தக் கோப்பில் அப்படியே வாசிக்கக் கிடக்கும், கோப்பின் பெயரோ பெரும்பாலும் போனின் மேக் முகவரிதான். டிஎஃப்டிபி பயன்படுத்தும் 69-ஆம் போர்ட்டை வெளியே திறக்காதீர்கள். வெளிநாட்டுக் கால் தேவைப்படாத ஆபீஸ் என்றால், ட்ரங்க் தரும் கம்பெனியிடம் சொல்லி ஐஎஸ்டியையும் மூடிவிடுங்கள்.